ஊட்டியில் அறை இல்லை, தீபாவளிக்குக் கொல்லிமலை போகலாமா?

மூட்டு வலியுள்ள பெற்றோருடன் போகிறீர்கள் என்பதால் கொல்லிமலையை விட்டுவிட்டு, தீபாவளி விடுமுறையின் மூன்று நாள்களையும் செட்டிநாட்டு ஊர்களான காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் கழிப்பதே நல்லது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கிக்கொண்டாலும், ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அத்தனையையும் திரும்ப ஏறியாக வேண்டும்.

ஊட்டியில் அறை கிடைக்காததற்குப் பெரும்பாலும் தாமதமே காரணம்; ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, சீட்டு உறுதியானவர்கள் கையோடு அறையையும் பிடித்துவிடுகிறார்கள்.

கானாடுகாத்தானில் தங்கும் அறைக்குப் பணம் கட்டும் முன், தரைத்தளத்தில் அறை உண்டா என்று தொலைபேசியில் கேளுங்கள். செட்டிநாட்டு வீடுகளின் உயரமான வாசற்படிகள் படங்களில் தெரிவதில்லை.

அருகிலுள்ள ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கல் வார்ப்பதைப் பார்க்க விரும்பினால், பண்டிகை நாளன்று பட்டறை பூட்டியிருக்கலாம் என்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள். வடகிழக்குப் பருவமழையும் குறுக்கிடலாம். ஆனால் தாழ்வாரத்தில் உட்கார்ந்து முற்றத்து மழையைப் பார்ப்பது எனக்கு அருவியைவிடப் பிடிக்கும்.