இன்டக்ஷன் அடுப்பும் 3 கிலோவாற் வீடும்: பலேர்மோவுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்ததும் உடனே பதில் எழுத வேண்டும் போலிருந்தது, இத்தாலிக்கு வருகிற எங்கள் ஆட்களில் கனபேர் வந்த புதிதில் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நாலாம் மாடியில் வாடகை வீடு, வீட்டுக்காரர் புதிதாக இன்டக்ஷன் அடுப்புப் பூட்டித் தந்திருக்கிறார், சோறும் கறியும் ஒன்றாக ஏற்றினால் வீடு முழுக்கக் கறண்ட் போய்விடுகிறது, பிள்ளைகளை விட்டுவிட்டுக் கீழே இறங்கி மீற்றர் சுவிற்சைத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது, அடுப்புப் பழுதா, வயர் பழுதா, பேசாமல் காஸ் சிலிண்டருக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அடுப்பில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று உங்கள் வீட்டு மின்சார ஒப்பந்தத்தில் ஒரு அளவு இருக்கும், அது அநேகமாக 3 கிலோவாற்றாக இருக்கும், அதைத் தாண்டுகிறீர்கள், மீற்றர் வெட்டுகிறது.

லண்டனில் இருக்கிற சொந்தக்காரரிடம் இதைக் கேட்டால் அவர்களுக்கு விளங்காது. அங்கே வீட்டுக்கு வருகிற பிரதான பியூஸ் 60 முதல் 100 அம்பியர் வரை இருக்கும், 7 கிலோவாற் அடுப்பைத் தனி வயரில் பூட்டிவிட்டுப் போய்விடலாம். இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாற்தான், 230 வோல்ற்றில் அது 13 அம்பியர். 3 கிலோவாற்றுக்கு மேலே எடுத்தவர்களுக்குக் கட்டணம் கூடுதலாக இருந்த காலம் நீண்டது, அதனால் நாடே அந்த அளவுக்குள் வாழப் பழகிக்கொண்டது. 2017இல் கட்டண முறையை மாற்றினார்கள், ஆனால் பழைய ஒப்பந்தங்கள் அப்படியே கிடக்கின்றன. அப்புறம், 2001இலிருந்து எனெல் என்ற மின்சாரக் கொம்பனி வீடு வீடாகப் பூட்டிய எலெக்ட்ரோனிக் மீற்றர்கள் அளவைச் சரியாக அளந்து தாங்களே வெட்டிவிடும்.

மீற்றர் எப்படி வெட்டுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். 3 கிலோவாற் ஒப்பந்தத்துக்குப் பத்து வீதம் கூடத் தருவார்கள், அதாவது 3.3 கிலோவாற் வரை நாள் முழுக்க எடுக்கலாம். அதற்கு மேல் 4 கிலோவாற் வரை போனாலும் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் பொறுத்துக்கொள்ளும். 4ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெட்டிவிடும். சோறு ஏற்றிக் கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக ஓடி, வெங்காயம் வதங்கிவரும் நேரத்தில் இருட்டானது என்று எழுதியிருந்தீர்களே, அது இந்த நிமிடக் கணக்குத்தான்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நாலு வட்டம் உள்ள இன்டக்ஷன் அடுப்பு முழுவதும் ஓடினால் 7.2, 7.4 கிலோவாற் இழுக்கும். பூஸ்ட் என்று அழுத்தினால் பெரிய வட்டம் ஒன்றே 3 கிலோவாற் அளவுக்குப் போய்விடும். குளியலறையில் தொங்குகிற தண்ணீர் கொதிகலன், ஸ்கல்தாபாஞ்ஞோ என்பார்களே, அது 1.2 முதல் 1.5 வரை. உடுப்பு மெசின் தண்ணீரைச் சூடாக்கும் நேரம் 2. கேத்தில் 2. அயன்பெட்டி, முடி உலர்த்துகிற மெசின் எல்லாம் 2க்குப் பக்கத்தில் வரும். ஆக, கொதிகலன் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுப்புக்கு மிஞ்சுவது 2க்கும் கீழே. குடும்பம் முழுக்கக் குளித்து முடிக்கிற மாலையில்தான் நீங்கள் சமைக்கிறீர்கள், அந்த நேரம்தான் கொதிகலனும் திரும்பத் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு டைமர் பூட்டி இரவிலும் விடியற்காலையிலும் மட்டும் ஓட விடுங்கள். இது ஒன்றே பல வீடுகளில் போதுமாகிவிடுகிறது.

அடுத்தது அடுப்பிலேயே இருக்கிறது, கனபேர் கவனிப்பதில்லை. இத்தாலியில் விற்கிற இன்டக்ஷன் அடுப்புகளில் மொத்த இழுவைக்கு ஒரு வரம்பு வைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. 2.5, 2.8, 3.5 என்று படிப்படியாக வைக்கலாம், அளவுகள் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். அடுப்புக்கு மின்சாரம் கொடுத்தவுடன் குறிப்பிட்ட நேரத்துக்குள் இரண்டு மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும், கையேட்டில் இருக்கும், இல்லாவிட்டால் மாதிரி எண்ணை வைத்துத் தேடி எடுங்கள். வரம்பு 2.8இல் இருந்தால் நாலு பாத்திரம் வைத்தாலும் அடுப்பு தானே பங்குபோட்டுக் கொடுக்கும், அதைத் தாண்டாது. மெதுவாகிவிடுமே என்று யோசிக்க வேண்டாம். இரண்டு லீற்றர் தண்ணீர் 2 கிலோவாற்றில் 6, 7 நிமிடத்தில் கொதிக்கும், 1.2இல் 11 நிமிடம் ஆகும். கறியும் சொதியும் கொதி வந்த பிறகு அரைக் கிலோவாற்றில் கிடந்தே வேகும். அதனால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொதிக்கவைக்காமல் ஒன்று கொதித்து இறங்கியதும் அடுத்ததைக் கூட்டுங்கள்.

இதெல்லாம் செய்தும் காணாது என்றால் ஒப்பந்தத்தைக் கூட்டலாம். 6 கிலோவாற் வரை அரை அரையாகக் கூட்ட விடுகிறார்கள். விற்பவர்கள் உடனே 6 எடுக்கச் சொல்வார்கள், என்னைக் கேட்டால் இரண்டு பிள்ளைகள் உள்ள உங்கள் வீட்டுக்கு 4.5 தாராளம். கூட்டுகிற ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் ஆண்டுக்கு இருபது சொச்சம் யூரோ நிலையான கட்டணமாக பில்லில் ஏறும், அதைவிட ஒருமுறை கட்டுகிற தொகையும் உண்டு. பில்லை எடுத்து பொத்தென்சா இம்பெஞ்ஞாத்தா என்ற வரியைப் பாருங்கள், உங்கள் அளவு அங்கே இருக்கும். ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கூட்டச் சொல்லிக் கேட்க முடியும். வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள், கூடுதல் கட்டணத்தை நீங்கள் ஏற்கிறீர்கள் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

கூட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். மீற்றரிலிருந்து வீட்டுக்கு ஏறும் வயரையும் அடுப்புக்குப் போகும் வயரையும் பதிவுள்ள எலெக்ட்ரிசியன் ஒருவர் பார்க்க வேண்டும். பலேர்மோவின் பழைய சந்தைப் பகுதியான பலாரோ பக்கம் இருக்கிற பழைய கட்டடங்களில் வயர் எந்தக் காலத்ததோ யாருக்குத் தெரியும், இதுவரை 3 கிலோவாற் என்ற வரம்புதான் அதைச் சூடேறாமல் காத்து வந்திருக்கிறது. சாதாரண பிளக்குக்குப் போகிற 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் 16 அம்பியர் பிறேக்கருக்கானது. அடுப்பை 3.5க்கு மேலே விட வேண்டுமானால் 4 அல்லது 6 சதுர மில்லிமீற்றரில் தனி வயர் வேண்டும். புதிய வயர் இழுத்தால் 2008ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஆணைப்படி சான்றிதழ் தர வேண்டும், கேட்டு வாங்கி வையுங்கள். மேசையில் வைக்கிற ஒற்றை இன்டக்ஷனை மல்ரிபிளக்கில் செருகவே வேண்டாம், 1500 வாற் என்று எழுதிய அடாப்டரில் 2000 வாற் அடுப்பைப் போட்டால் பிளாஸ்ரிக் உருகும்.

இன்னொன்று, எந்த சுவிற்ச் விழுகிறது என்று கவனியுங்கள். கீழே மீற்றர் விழுந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்குள் இருக்கிற சல்வவீத்தா, அதாவது மின்கசிவு வந்தால் வெட்டுகிற சுவிற்ச், விழுந்தால் அது வேறு கதை, எங்கோ மின்சாரம் கசிகிறது, அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

காஸுக்கு மாறுவதை நான் விரும்பவில்லை. நாலாம் மாடிக்குச் சிலிண்டர் தூக்குவது ஒருபக்கம் இருக்க, காஸ் அடுப்பு எரிகிற குசினிச் சுவரில் காற்றுப் போகத் துவாரம் இருக்க வேண்டும். இன்டக்ஷன் பூட்டும்போது குளிர் வராமலிருக்க அதை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் சிலிண்டரை உள்ளே எடுக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.