ஒயின் கடையின் ஆன்லைன் தளத்தில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி: இங்கிலாந்தில் என் நண்பர் சின்னதாக ஒரு ஒயின் கடை வைத்திருக்கிறார். ஆன்லைனிலும் விற்கிறார், ஆனால் ஆர்டர் அதிகம் வருவதில்லை. புது டிசைன் போட்டால் சரியாகுமா?

பதில்: லண்டனில் இந்த மாதிரிக் கடைகளுக்குத் தளம் அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. டிசைனில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதலில் ஒரு சனிக்கிழமை மதியம் நண்பரின் கடையில் போய் நில்லுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "ராத்திரி ஆட்டிறைச்சி ரோஸ்ட், பதினைந்து பவுண்டுக்குள் ஏதாவது கொடுங்கள்" என்பார்கள். நண்பர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு நேராக அலமாரிக்குப் போய் ரியோஹா என்ற ஸ்பெயின் ஒயின் பாட்டில் ஒன்றோடு திரும்புவார். தளத்தில் அவர் இல்லை. அவர் தலைக்குள் இருப்பது அத்தனையும் பட்டியலுக்குள் வந்தாக வேண்டும்.

அது வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு கடையின் தேடல் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். 'ஷார்டனே' என்று தேடியவர்கள் யாருக்கும் ஷாப்ளி காட்டப்படவே இல்லை. ஷாப்ளி என்பது முழுக்க ஷார்டனே திராட்சையில் செய்யும் ஒயின். ஆனால் பிரான்சில் பல பகுதிகளில் லேபிள் மேல் ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும், திராட்சையின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. வெள்ளை சான்செர் அப்படித்தான், உள்ளே இருப்பது சோவின்யோன் பிளாங்க் திராட்சை. கடைக்காரருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே அதைத் தட்டச்சு செய்ய அவருக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வகை ஷாப்ளி ஸ்டாக்கில் இருந்தும், ஷார்டனே கேட்டு வந்தவர் வெறுங்கையோடு போய்விட்டார்.

பெயர்க் குழப்பம் இதோடு முடிவதில்லை. மீனுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுகிற மாதிரி, பிரான்சில் சிரா என்கிற திராட்சை ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். பிரான்சின் கிரனாஷ் ஸ்பெயினில் கர்னாச்சா. அப்புறம் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளின் மேலுள்ள குறிகளை யாரும் போனில் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். குறி இல்லாமல் அடித்தாலும், எழுத்து ஒன்று தவறினாலும் தேடல் சரியான பாட்டிலைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஒயினுக்கும் திராட்சை, நாடு, பகுதி, எந்த உணவோடு பொருந்தும் என்பதைத் தனித்தனிக் கட்டங்களாக வைத்து, இணைப்பெயர்ப் பட்டியல் ஒன்றையும் தேடலோடு சேர்த்துவிடுங்கள். உட்கார்ந்து செய்தால் இரண்டு வார வேலை. ஆனால் நான் பார்த்த கடைகளில் இதைவிடப் பலன் தந்த வேலை வேறில்லை.

அடுத்தது அறுவடை ஆண்டு, அதாவது திராட்சை பறித்த வருடம். இதில் நான் தப்பு செய்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். இங்கே ஞானத்தாய், ஞானத்தந்தையர் குழந்தை பிறந்த வருடத்து வின்டேஜ் போர்ட் (ஒரே வருட அறுவடையில் செய்து, பல வருடம் வைத்திருந்து குடிக்கும் போர்ச்சுகல் ஒயின்) ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்தி, பதினெட்டு வயதில் திறக்கச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஒரு பெண்மணி 2016இல் பிறந்த குழந்தைக்காக ஆர்டர் செய்தார். படத்தில் 2016 என்றுதான் இருந்தது. போனது 2017. 2016 சரக்கு தீர்ந்ததும் அடுத்த வருடத்து பாட்டில்கள் அதே ஐட்டம் எண்ணிலேயே வரவு வைக்கப்பட்டிருந்தன. அப்படி வைக்க வழிவிட்டது நான் போட்ட அமைப்பு. இரண்டுமே போர்ட்டுக்கு நல்ல வருடங்கள்தான், ஆனால் அந்தக் குடும்பத்துக்கு 2017ஆல் என்ன பயன்? ஞானஸ்நான விருந்து முடிந்த பிறகுதான் லேபிளைக் கவனித்திருக்கிறார்கள். அவர் எழுதிய மின்னஞ்சலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. எனக்கு அது இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டுக்கும் தனி ஐட்டம் எண், தனி இருப்பு, தனிப் படம். எல்லா ஆண்டும் ஒரே பக்கத்தில் தெரியலாம், கணக்கில் மட்டும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. விமர்சகர்கள் தரும் மதிப்பெண்ணும் அந்தந்த ஆண்டுக்கு உரியது. 2015க்குக் கிடைத்த மதிப்பெண்ணை 2018 பாட்டிலுக்குப் பக்கத்தில் போடுவது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

ஆல்கஹால் அளவையும் லேபிளில் உள்ளபடியே, புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் முதல் ஆல்கஹால் அளவை வைத்துத்தான் வரி. ஒயினுக்கு மட்டும் 11.5 முதல் 14.5 சதவீதம் வரை எல்லாவற்றையும் 12.5 ஆக எடுத்துக்கொள்ளும் சலுகை இருந்தது. அது 2025 ஜனவரியோடு முடிந்தது. அந்த பிப்ரவரி கணக்குப்படி 750 மில்லி பாட்டிலில் 14.5 சதவீத ஒயினுக்கு 3.21 பவுண்டு வரி, 11.5 சதவீதத்துக்கு 2.55 பவுண்டு. அதற்கு மேல் 20 சதவீதம் வாட் வேறு. பழைய பட்டியலில் எல்லாவற்றுக்கும் பொத்தாம்பொதுவாக 13 என்று போட்டிருந்தால் அவருடைய லாபக் கணக்கே தப்பாகும்.

டெலிவரியைப் பொறுத்தவரை, ஒரு பாட்டில் பெட்டியோடு சேர்த்து ஒன்றரை கிலோவுக்குக் கிட்ட வரும். ஒன்றை மட்டும் அனுப்பினால் கூரியர் செலவு லாபத்தைத் தின்றுவிடும். ஆறு பாட்டில் பெட்டியைக் கணக்காக வைத்து, விருப்பப்படி கலந்து எடுத்தாலும் தள்ளுபடி கொடுங்கள். கார்ட்டில் நான்கு இருந்தால் "இன்னும் இரண்டு சேர்த்தால் பெட்டி நிறையும்" என்று அங்கேயே காட்டுங்கள். டெலிவரிக் கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைக்க வேண்டாம், அங்கேதான் பலர் மனம் மாறுகிறார்கள். கடையின் பில் மெஷினும் தளமும் ஒரே இருப்பைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி பாட்டிலை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வரும்.

வயது விஷயத்தில், "18 ஆகிவிட்டதா?" என்று கேட்டு ஒரு பட்டன் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டனைப் பத்து வயதுப் பையனும் அமுக்குவான். பணம் கட்டும் இடத்தில் வயதைச் சரிபார்க்கும் சேவையைச் சேருங்கள், வாசலில் அடையாள அட்டை பார்த்துக் கொடுக்கும் கூரியரையே எடுங்கள். பலர் இதைச் செலவாகப் பார்க்கிறார்கள். நான் அதில் ஒரு பைசாகூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? நண்பரின் கடையில் பாட்டில்களுக்குக் கீழே கையால் எழுதிய சின்ன அட்டைகள் தொங்குகின்றனவா பாருங்கள். 'புகைப்போட்ட மீனோடு நன்றாக இருக்கும்', 'அரை மணி நேரம் முன்னாடியே திறந்து வையுங்கள்' என்பது போல எழுதியிருப்பார். அவற்றை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்து, ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அந்தந்த ஒயினின் பக்கத்தில் ஏற்றுங்கள். இறக்குமதியாளர் அனுப்பிய விவரணையை அழித்துவிடலாம். அதே பத்தி இன்னும் நாற்பது கடைகளின் தளங்களில் கிடக்கும்.