அவுயெஸ்கி நோய்: தடுப்பூசி போட்டாயிற்று, இனிக் கவலை இல்லையா?

நீங்கள் கேட்டிருப்பது: பண்ணையில் அவுயெஸ்கி நோய் வந்து பன்றிக்குட்டிகள் செத்தன, காவல் நாயும் போய்விட்டது. இப்போது எல்லாப் பன்றிக்கும் தடுப்பூசி போட்டுவிட்டோம், நோய் ஒழிந்த மாதிரிதானே?

இல்லை. பாதிக் கவலை தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பன்றிப் பண்ணைகளில் ஊசியும் ரத்தம் எடுக்கும் குழாயுமாக அலையும் கால்நடை மருத்துவன் நான். இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போன ஒன்று.

எனக்கு இந்த நோய் அறிமுகமானதே ஒரு நாயால்தான். காலையிலிருந்து முகத்தின் ஒரு பக்கத்தைச் சிமெண்ட் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்ததாம். மதியம் நான் போனபோது கன்னத்தில் தோலே இல்லை. அப்போதும் முன்னங்காலால் அதே இடத்தைப் பிராண்டிக்கொண்டிருந்தது. எச்சில் ஒழுகியதால் வெறிநோய் என்று எல்லோரும் தள்ளி நின்றார்கள். ஆனால் அது யார் மீதும் பாயவில்லை. மறுநாள் செத்துவிட்டது. செத்துப் பிறந்த குட்டிகளை நாய்க்குப் போடுவது அங்கே வழக்கம் என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. ஹங்கேரியில் அலாதார் அவுயெஸ்கி 1902இல் இது வெறிநோய் அல்ல, வேறு நோய் என்று காட்டினார். 'சூடோரேபிஸ்', அதாவது பொய் வெறிநோய், என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்தச் சாயலால்தான். உண்மையில் இது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்.

நாய், பூனை, மாடு, ஆடு என எதற்கு வந்தாலும் அநேகமாகச் சாவுதான். ஆனால் அவை மற்ற விலங்குகளுக்குப் பரப்புவது அபூர்வம். வைரஸுக்கு வீடு பன்றிதான். இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிகள் நடுங்கி, வலிப்பு வந்து செத்துப்போகும். சினைப்பன்றிக்குக் கரு கலையும். வளர்ந்த பன்றியோ கொஞ்ச நாள் காய்ச்சல், தும்மல், இருமல் என்று கிடந்துவிட்டு எழுந்துவிடும். வினையே அங்கேதான். தேறிய பன்றியை வைரஸ் விட்டுப் போவதில்லை, நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்ளும். குட்டி போடும்போதோ லாரியில் ஏற்றும்போதோ உடம்பு தளர்ந்தால் வெளியே வந்து மூக்குச்சளி வழியாகப் பரவும். நம் உதட்டில் காய்ச்சல் கொப்புளம் திரும்பத் திரும்ப வருமே, அதே குடும்பப் புத்தி.

தடுப்பூசி சாவைக் குறைக்கும், பன்றி வெளியேற்றும் வைரஸையும் குறைக்கும். பதுங்கியிருப்பதைத் துரத்தாது. சரி, எந்தப் பன்றிக்குள் பதுங்கியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசி போட்ட பன்றி, நோய் கண்ட பன்றி இரண்டின் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடம்பே உண்டாக்குவது) இருக்குமே. இதற்காகத்தான் ஜிஇ (gE) என்ற ஒரு புரதம் இல்லாத வைரஸில் தடுப்பூசி செய்கிறார்கள். ரத்தத்தில் ஜிஇக்கு எதிர்ப்பொருள் இருந்தால் அது ஊசியால் வந்ததல்ல, நோயால் வந்தது. இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாட்டை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. ஒரு எச்சரிக்கை: நோய் கண்ட தாயின் சீம்பால் குடித்த குட்டிக்கும் சில மாதங்கள் அந்த எதிர்ப்பொருள் இருக்கும். அவசரப்பட்டு அதைக் கழித்துவிடாதீர்கள்.

ஆகவே ஊசியை நிறுத்தாமல் தாய்ப்பன்றிகளைச் சோதித்து, ஜிஇ எதிர்ப்பொருள் உள்ளவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, சோதித்த சுத்தமான பன்றிகளை அந்த இடத்தில் சேர்க்க வேண்டும். புதிதாக வருவதைத் தனிக் கொட்டகையில் ஒரு மாதம் வைத்து மறுபடி சோதியுங்கள். பொறுமை வேண்டும். அமெரிக்கா 1989இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கி 2004இல்தான் வணிகப் பண்ணைகளில் முடித்தது. அதுவும் 1998 கடைசியில் பன்றி விலை படுத்துவிட, அடுத்த ஆண்டு அரசே நோயுள்ள மந்தைகளை விலைக்கு வாங்கிக் கழித்ததால் வேகம் பிடித்தது. காட்டில் திரியும் பன்றிகளிடம் வைரஸ் இன்னும் இருக்கிறது, அவற்றை வேட்டையாடும் நாய்கள் இன்றும் சாகின்றன. உங்கள் வேலியில் ஓட்டை இருந்தால் இன்றே அடையுங்கள்.

மனிதருக்கு வரவே வராது என்றுதான் நாங்கள் படித்தோம். சீனாவில் பண்ணை ஆட்கள், இறைச்சி வெட்டுபவர்கள் சிலருக்கு மூளையழற்சி வந்த பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். செத்த குட்டியை வெறுங்கையால் தூக்காதீர்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். புதைப்பதோ எரிப்பதோ நாய்க்கும் பூனைக்கும் எட்டாதபடி இருக்கட்டும்.

இப்போது நீங்கள் போட்ட தடுப்பூசியின் அட்டைப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். ஜிஇ நீக்கியது என்று போட்டிருந்தால் ரத்தம் எடுக்க ஆள் கூப்பிடலாம். போடவில்லை என்றால் சோதனைக்குக் காசு கட்டாதீர்கள், எல்லாப் பன்றியும் நோயாளியாகத்தான் தெரியும்.