ஈறில் ரத்தம் வருவதற்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டா? ஈறைச் சரி செய்தால் மூட்டு வலி போய்விடுமா?

தொடர்பு இருக்கிறது. போய்விடுமா என்றால், அப்படி நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரியில் மலையாளம். அம்மாவுக்கு இரண்டு கை விரல்களும் வீங்கியபோது பாலக்காட்டில் ஒரு மூட்டு டாக்டரிடம் காட்டினோம். விரலைப் பார்த்துவிட்டு அவர், “மோணயில் சோர வருந்நுண்டோ?” என்றார். பொள்ளாச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அம்மாவின் மலையாளம் கடைத்தெருவோடு சரி. “சோறெல்லாம் நல்லாத்தான் சாப்பிடறேனுங்க” என்றார். டாக்டர் கேட்டது, ஈறில் ரத்தம் வருகிறதா என்று! வந்துகொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் ஏன் கேட்டார் என்று பிறகு தேடிப் படித்தேன். நம் புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உண்டு. சில என்சைம்கள் அதைச் சிட்ருலினாக மாற்றிவிடும். அப்படி மாறிய புரதத்தைச் சிலருடைய உடம்பு அந்நியனாக நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கிறது. ஆன்டி சிசிபி என்று ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார்களே, அது தேடுவது இந்த ஆன்டிபாடியைத்தான். மூட்டு வீங்குவதற்குப் பல வருஷம் முன்பே இது ரத்தத்தில் இருக்கலாம். அப்படியானால் மூட்டுக்கு வெளியே எங்கேயோதான் ஆரம்பித்திருக்க வேண்டும். சந்தேகப்படும் இடங்களில் ஒன்று வாய்.

ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் இந்த மாற்றத்தைச் செய்யும் என்சைம் சொந்தமாகவே இருக்கிறது. வேறொரு வாய்க் கிருமி நம் வெள்ளை அணுக்களில் ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் என்சைமைக் கிளப்பிவிடுகிறது என்று 2016-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2023-இல் வந்த ஓர் ஆய்வு, ஈறு நோயும் முடக்குவாதமும் சேர்ந்து உள்ளவர்களின் ரத்தத்தில் வாய்க் கிருமிகள் திரும்பத் திரும்பக் கலப்பதைக் கண்டது.

(சிட்ருலின் என்ற பெயர் தர்பூசணியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. இதைச் சொன்னதும் அம்மா தர்பூசணியை ஒதுக்கினார். பழத்தில் இருப்பது வேறு கதை, தாராளமாகச் சாப்பிடலாம்.)

ஆனால் இதையே காரணம் என்று முடிவு கட்ட முடியாது. புகைபிடிப்பது ஈறையும் கெடுக்கும், முடக்குவாத அபாயத்தையும் கூட்டும். பரம்பரை வேறு இருக்கிறது. அப்புறம், விரல் மடங்காதவர் பல்லை எப்படி ஒழுங்காகத் தேய்ப்பார்? வாதத்தாலும் ஈறு கெடலாமே.

1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வாய் அழுக்குதான் பல நோய்களுக்கு மூலம் என்று பேசப்போய், அதன்பின் மூட்டு வலிக்காரர்களின் பற்களைக் கொத்தாகப் பிடுங்கிய காலம் ஒன்று இருந்தது. பல்தான் போனது. இன்றைக்கும் ஈறைச் சுத்தம் செய்த பிறகு மூட்டு வீக்கம் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, குறையவில்லை என்று வேறு சில.

அம்மாவுக்குப் பல் டாக்டர் ஈறுக்கு அடியில் இருந்த காரையை இரண்டு தடவையாக எடுத்தார். ரத்தம் நின்றுவிட்டது. காலையில் விரல் விறைப்பது இன்னும் இருக்கிறது, வாரம் ஒரு முறை முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டும் தொடர்கிறது. பிரஷ் கையில் நிற்காமல் வழுக்கியதால், பழைய சைக்கிள் கைப்பிடி உறையை வெட்டி அதில் மாட்டிக் கொடுத்திருக்கிறேன்.