ஆயிரம் சொல் மனப்பாடம், ஒன்றும் வாயில் வரவில்லையே!

கேள்வி: வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்காகப் பழைய ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றை வைத்துத் தினமும் 40 சொற்கள் படிக்கிறேன். மறுவாரம் பாதி மறந்துவிடுகிறது. நினைவில் நிற்பவையும் கேள்விகளில் உதவவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: பட்டியல் பழையது என்பதே முதல் சிக்கல். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தின் போக்கைப் பார்த்துத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ப் பொருள் என்று உருப்போட்டால் இங்கேதான் சறுக்கும். ‘சாங்ஷன்’ என்றால் லோன் கிடைத்தது என்றே நமக்குப் பழக்கம். அதே சொல் ஒரு நாட்டின்மீது விதிக்கும் தடையையும் குறிக்கும். ‘குவாலிஃபை’ தகுதி பெறுவது மட்டுமல்ல. சொன்ன கருத்துக்கு வரம்பு கட்டுவதும்தான். தேர்வில் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளை.

நாற்பதை எட்டாகக் குறையுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை போடுங்கள். அட்டையின் முன்பக்கம் வெறும் சொல்லை எழுதாமல், அது வரும் வாக்கியத்தை எழுதி, சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். பின்பக்கம் சொல், பொருள், அதனோடு சேர்ந்து வரும் முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்). மறுநாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தை உடனே புரட்டக் கூடாது. பத்து விநாடியாவது யோசியுங்கள். தவறினால் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்குப் போகும்.

‘மிட்டிகேட்’, ‘மிலிட்டேட்’ போன்ற இரட்டைகளை ஒரே நாளில் படிக்காதீர்கள், குழம்பிவிடும். முன்னது தணிப்பது, பின்னது, ‘அகெயின்ஸ்ட்’ சேர்ந்தால், ஒன்றுக்கு எதிராக நிற்பது.