ஏசி, ஹீட்டிங் யூனிட்டில் ஃபில்டர் அடைத்தால், காற்றைத் தள்ளும் புளோயர் மோட்டார் அதிக கரண்ட் இழுக்குமா?

மோட்டார் வகையைப் பொறுத்தது. பழைய பிஎஸ்சி (கெபாசிட்டரோடு ஓடும் சாதாரண) மோட்டாரில் பலரும் நினைப்பதற்கு நேரெதிர்: ஃபில்டரோ டக்டோ (காற்று போகும் குழாய்) அடைத்தால் ஆம்பியர் குறையும். தள்ளும் காற்று குறைவதால் சுமையும் குறைகிறது. புளோயர் சக்கரம் சற்று வேகமாகவே சுற்றும். வாக்குவம் கிளீனர் குழாயைக் கையால் பொத்தினால் சத்தம் கீச்சென்று ஏறுமே, அதேதான். ஆனால் மோட்டாரைக் குளிர்விப்பதும் அந்தக் காற்றுதான் என்பதால் அது சூடேறலாம்.

காற்றளவை நிலையாக வைக்கும் இசிஎம் (வேகத்தை மின்னணு முறையில் தானே மாற்றிக்கொள்ளும்) மோட்டார் விட்டுக்கொடுக்காது. தடை கூடக்கூட வேகத்தை ஏற்றும். கரண்டும் இரைச்சலும் ஏறும்.

எதுவானாலும் காற்று ரொம்பக் குறைந்தால் ஏசி காயிலில் ஐஸ் கட்டும், ஹீட்டிங்கில் லிமிட் சுவிட்ச் (சூடு மீறினால் நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி கட் ஆகும். ஆம்பியரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அழுத்தம் அளக்கும் மானோமீட்டரில் ஸ்டாட்டிக் பிரஷரை (டக்டுக்குள் காற்று எதிர்கொள்ளும் தடையைக் காட்டும் அழுத்தம்) அளந்து பாருங்கள். பல யூனிட்டுகளுக்கு வரம்பு 0.5 அங்குல நீரழுத்தம், அதாவது சுமார் 125 பாஸ்கல்.