பழைய கார் பிளேயரில் எம்பி3 சிடி பாடவில்லை: பதில்

லேப்டாப்பில் பாடுற சிடி அப்பா காரில் மட்டும் 'எரர்' காட்டுதுன்னு கேட்டிருக்கீங்க. சிடி மேல தப்பில்லைங்க. 140 எம்பி3 பாட்டை அப்படியே காப்பி பண்ணியிருக்கீங்க, அது டேட்டா சிடி, அதாவது கம்ப்யூட்டர் ஃபைலா இருக்கிற சிடி. பிளேயர் முகப்பில் 'எம்பி3'ன்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அதுக்கு ஆடியோ சிடி மட்டும்தான் புரியும்.

சிடியில் எழுதும்போது, அதாவது பர்ன் பண்ணும்போது, 'ஆடியோ சிடி'யைத் தேர்ந்தெடுங்க. 700 எம்பி சிடியில் 80 நிமிஷம்தான் போகும், அதாவது பதினாறு பாட்டு சொச்சம். சுருக்கி வச்ச பாட்டை விரிச்சு, நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகளா (சாம்பிள்) எழுதுறதால இவ்வளவு இடம் பிடிக்குது. அதுக்காக 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கின பாட்டு தரம் கூடிடாது, சுருக்கும்போது போனது போனதுதான். ஒரே தடவை எழுதுற சிடி-ஆர் வாங்குங்க, அழிச்சு அழிச்சு எழுதுற சிடி-ஆர்டபிள்யூவை பழைய லென்ஸ் படிக்கத் திணறும். கடைசியில் சிடியை முடிச்சு மூடுற 'ஃபைனலைஸ்' பண்ண மறந்துடாதீங்க. மேல காகித ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. சேலத்து மே மாச வெயிலில் நிறுத்தின காரில் என் சிடி ஸ்டிக்கர் பிசுபிசுன்னு உரிஞ்சு உள்ளேயே மாட்டிக்கிச்சு. ஸ்குரூடிரைவரோட ஒரு ஞாயித்துக்கிழமையே போச்சு.

ஏற்காடு போறதுக்குன்னா நான் சிடியே வேண்டாம்னுதான் சொல்வேன். 20 கொண்டை ஊசி வளைவு, நடுவுல குண்டு குழி. பழைய பிளேயர் திக்கித் திக்கித்தான் பாடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினா பாட்டை கார் ரேடியோவுக்கு அனுப்புற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு வாங்கி, பாட்டெல்லாம் பென் டிரைவில் போட்டுடுங்க. பென் டிரைவை ஃபார்மேட் பண்ணும்போது ஃபேட்32-ங்கிற ஃபைல் முறையைத் தேர்ந்தெடுங்க, என்டிஎஃப்எஸ்ங்கிற இன்னொரு முறைன்னா பல டிரான்ஸ்மிட்டர் படிக்காது.

அப்பாவுக்கு சிடிதான் பழக்கம்னா, பதினாறு பாட்டை அவரையே பொறுக்கச் சொல்லுங்க.